காலி என்று காட்டிய தொட்டி

தொட்டிக்குள் எவ்வளவு பாகு இருக்கிறது என்று பார்க்க ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, தலையை நீட்டுவது காட்டுமிராண்டி வேலை என்று அந்தத் தொழிற்சாலையில் ஒரு மனிதர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அங்கே பெயர் துல்லியம். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கருவிகளைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வாயைத் திறந்தால் 'துல்லியமா இருக்கணும்' என்பார், டீயில் சர்க்கரை போடுகிற ஆளிடம்கூட அதையே சொல்வார், பெயர் ஒட்டிக்கொண்டது. "துல்லியம் வர்றாரு, ஸ்பூனை ஒளிச்சு வை" என்று கேன்டீனில் கேலி செய்வார்கள். மனிதருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அவர் மனைவிக்கும் அங்கேதான் வேலை. சர்க்கரைப் பாகு காய்ச்சி, பழரசம் கலந்து, பாட்டிலில் அடைக்கிற இடம் அது. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து எந்த வால்வைத் திறப்பது, எந்தப் பம்பை நிறுத்துவது என்று பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய தொட்டியில் பாகு தீர்ந்ததும் தோலை அரிக்கும் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவும் முன் ஒருவர் மேலே ஏறி, தொட்டி காலிதானா என்று எட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த விதியைக் காப்பாற்றியே அவள் முழங்கால் தேய்ந்துபோனது.

ஆகவே ரேடார் கருவி வாங்க வேண்டும் என்று துல்லியம் மேனேஜரை நச்சரித்ததில் கொஞ்சம் பாசமும் இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. ஒருவழியாகக் கருவி வந்தது. செம்பு அளவே இருக்கும். அதைத் தொட்டியின் உச்சியில் கவிழ்த்துப் பொருத்தினார். கிணற்றுக்குள் குனிந்து 'ஓ' என்று கத்தினால் பதில் வருகிறதல்லவா, அதே சங்கதிதான். கருவி கண்ணுக்குத் தெரியாத அலையைக் கீழே அனுப்பும். பாகின் மேற்பரப்பில் பட்டு அது திரும்பி வரும். போய்வர எவ்வளவு நேரமானது என்பதிலிருந்து பாகு எத்தனை மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது என்று கணக்குப் போட்டு, கட்டுப்பாட்டு அறைச் சுவரில் சிவப்பு எண்ணாகக் காட்டும். சீக்கிரம் திரும்பினால் தொட்டி நிறைந்திருக்கிறது, தாமதமானால் குறைந்திருக்கிறது. எட்டிப் பார்க்கவும் வேண்டாம், கையில் பிசுபிசுப்பும் ஒட்டாது.

ஆனால் கிணற்றில் கத்தினால் தண்ணீர் மட்டுமா பதில் சொல்கிறது? சுற்றுச்சுவரும் சொல்கிறது. தொட்டிக்குள்ளேயே ஒரு இரும்பு ஏணி இருந்தது, பாகைக் கலக்கும் இறக்கைகள் இருந்தன. அவையும் அலையைத் திருப்பி அனுப்பின. சுவரிலிருந்த எண் ஏழு என்றது, இரண்டு என்றது, மறுபடி ஏழு என்றது. இதற்கு மருந்து உண்டு. தொட்டியை முழுக்கக் காலி செய்துவிட்டு, 'இப்போது உனக்குக் கேட்பதெல்லாம் பொய்க்குரல், இனி இவற்றைச் சட்டை செய்யாதே' என்று கருவிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு பொத்தான்தான். ஆனால் தொட்டி காலியாக இருக்க வேண்டும்.

அன்றைக்குத் தொட்டி காலியாக இல்லை. உள்ளே நாலு மீட்டர் பாகு நின்றது. மத்தியானம் டைரக்டர் விருந்தாளிகளோடு ரேடாரைப் பார்க்க வருகிறார் என்று காலையில்தான் மேனேஜர் சொன்னார். துல்லியம் ஏற்கெனவே ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று. எண்ணோ குதியாட்டம் போடுகிறது. தொட்டியைக் காலி செய்ய நேரமில்லை. மேலே ஏறி, மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'தொட்டி காலியா?' என்று கருவி கேட்டது. கூசாமல் 'ஆமாம்' என்று தட்டினார்.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கா தெரியாது? நாலு மீட்டரில் நிற்கும் பாகின் குரலும் பொய்க்குரல் என்றல்லவா கருவி கற்றுக்கொண்டது! இனிமேல் பாகு எந்த உயரத்தில் நின்றாலும் சொல்லும், நாலு மீட்டரில் நின்றால் மட்டும் காதைப் பொத்திக்கொள்ளும். எந்தப் பதிலும் வரவில்லையென்றால் காலி என்று காட்டும்படி அதை வைத்திருந்தவரும் அவரேதான். 'ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவும்போது ஒழுங்கா செஞ்சுடலாம்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினார்.

அவர் இறங்கி வருவதற்குள் புதுப் பாகு விழ ஆரம்பித்திருந்தது. சுவரில் எண் நாலரை, ஐந்து, ஐந்தரை என்று மாப்பிள்ளை மாதிரி நடந்து மேலே போயிற்று. டைரக்டர் தோளில் தட்டினார். விருந்தாளிகளில் ஒருவர் கைகூடக் கொடுத்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "இனிமே நீ அந்த ஏணில கால் வைக்கக் கூடாது. சுவத்தைப் பாரு, போதும். அது பொய் சொல்லாது" என்றார். அவள் முழங்காலை நீவிக்கொண்டே, "நீங்க வச்சதாச்சே, எப்படிச் சொல்லும்?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உறவில் ஒரு கல்யாணம். அடுத்த ஞாயிறு சோம்பல். அதற்கப்புறம் ஞாபகம் வரும்போதெல்லாம், நன்றாக ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. பாகு ஏறும்போதும் இறங்கும்போதும் நாலு மீட்டரைச் சட்டென்று கடந்துபோகும். அந்தச் சில நிமிஷம் எண் பூஜ்யத்துக்குப் போய்த் திரும்பியதை ஒருவரும் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டியவர் கவனிக்க விரும்பவில்லை.

அப்புறம் ஒரு காலை, பாட்டில் பிரிவில் இயந்திரம் சிக்கிக்கொண்டு நின்றுவிட்டது. அந்தப் பிரிவின் மேஸ்திரிக்கு மைக் என்று பெயர். அவர் ரகசியம் பேசினால் தொழிற்சாலை வாசல்வரை கேட்கும். அப்பேர்ப்பட்டவர் அன்று பார்த்து, இயந்திரம் சிக்கியதைக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லாமல் ஸ்பேனரைத் தேடிப் போய்விட்டார். பாகு நாலு மீட்டரில் அப்படியே நின்றது. துல்லியத்தின் மனைவி வேலைக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பாட்டில் பிரிவு ஓடவில்லை. சுவரில் பூஜ்யம். சரி, பாகு தீர்ந்துவிட்டது, கழுவ வேண்டியதுதான் என்று காஸ்டிக் வால்வைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் பூஜ்யம் ஒரே தாவலாக நாலரைக்குப் போயிற்று. அவள் அலறிக்கொண்டு வால்வை மூடினாள். ஆனால் காஸ்டிக் கலந்த பாகை என்ன செய்வது? தொட்டி முழுவதும் சாக்கடைக்குத்தான்.

"கருவியைப் போய்ப் பாருங்க" என்று மேனேஜர் துல்லியத்தை அனுப்பினார். பாகெல்லாம் வடிந்து தொட்டி காலியாகியிருந்தது. மேலே ஏறி மடிக்கணினியைத் திறந்தார். எந்தக் குரலையெல்லாம் சட்டை செய்யக் கூடாது என்று கருவி கற்றுவைத்திருந்த கோடு திரையில் வந்தது. ஏணிக்கு ஒரு சின்ன மேடு, இறக்கைகளுக்கு ஒரு சின்ன மேடு. ஏணியும் இல்லாத, இறக்கையும் இல்லாத நாலு மீட்டரில் ஒரு பெரிய குன்று.  காது மடல் சுட்டது. அந்த உயரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த மனிதர், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அப்போது அவர் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. மேனேஜரை மேலே கூப்பிட்டு, 'சார், இதைப் பாருங்க' என்று காட்டியிருக்க வேண்டும். அவர் செய்ததோ, பொத்தானை மறுபடி அழுத்தியது. தொட்டி காலியா? ஆமாம். இந்தத் தடவை அது உண்மை. குன்று மறைந்தது. பழுதைச் சரிசெய்வதுதானே நம் வேலை என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு சொன்னதை இங்கே எழுத முடியாது. கீழே வந்து, "கருவி நல்லா இருக்கு சார்" என்றார். அதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை, கேட்டீர்களா கூத்தை!

மறுநாள் எல்லோரையும் வைத்துக்கொண்டு மேனேஜர் விசாரித்தார். கத்துகிற ஆள் இல்லை அவர், கத்தியிருந்தால் தேவலை.

"ஏறிப் பாத்தீங்களா?" என்று முதலில் துல்லியத்தின் மனைவியைக் கேட்டார்.

"பாக்கலை சார். சீரோன்னு இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். அப்புறம் தடால்னு நாலரை காட்டுச்சு."

"ரேடார் அப்படித் தாவுமா?" என்று மேனேஜர் துல்லியத்தைக் கேட்டார்.

"பொதுவா தாவாது சார்" என்றார் துல்லியம், தரையைப் பார்த்துக்கொண்டு.

பழைய எண்களைச் சேமித்துவைக்கிற வசதி வேண்டாம், வெறும் எண் காட்டினால் போதும் என்று வாங்கும்போதே சிக்கனம் பிடித்திருந்தார்கள். ஆகவே அவள் பார்த்தது பூஜ்யமா இல்லையா என்பதற்கு அவள் கண்ணைத் தவிர வேறு சாட்சி கிடையாது. "சரி, சோதிச்சே பாத்துடலாம்" என்று மேனேஜர் தொட்டியில் தண்ணீர் விடச் சொன்னார். எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. துல்லியத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாலு என்று காட்டியது கருவி. அங்கேயே நிறுத்தச் சொன்னார் மேனேஜர். ஆடாமல் அசையாமல் நாலு. மைக் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "அளவு சரியா இருக்கு!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார்.

அதைக் கேட்டு முதலில் பேசியது துல்லியத்தின் மனைவிதான். "நான் சொல்லலை? அவர் வேலைல குறை இருக்காது" என்றாள், எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே. சொல்லி முடித்த பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கே எட்டியது. சிரிப்பு வாயிலேயே நின்றுபோயிற்று. கருவி சரியென்றால் தப்பு யாருடையது? பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது துல்லியத்துக்கு. பூமி எதற்குப் பிளக்கப் போகிறது? வாயைத் திறந்தால் போதுமே! அவர் திறக்கவில்லை.

திங்கட்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டு மேனேஜர் எழுந்துபோனார். அவளை வேலையிலிருந்தே எடுத்துவிடுவார்கள், தயவு வைத்தால் லேபிள் ஒட்டும் பிரிவுக்குத் தள்ளுவார்கள் என்று பேச்சு. எப்படியும் அந்த நாற்காலி போயிற்று. இத்தனை வருஷமாக ஒரு சொட்டு சிந்தாமல் பார்த்துக்கொண்டவள் அவள். மைக் அவளிடம் வந்து, "அக்கா, ஆனைக்கும் அடி சறுக்கும். மனசுல வச்சுக்காதீங்க" என்று தனக்கு இயன்ற அளவு மெதுவாகச் சொன்னார். அதுவும் எல்லோருக்கும் கேட்டது.

வீட்டில் சாப்பிடும்போது அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கேட்டாள், "அம்மா பொய் சொல்ல மாட்டாங்க. ரேடாரும் பொய் சொல்லாதுங்கறீங்க. அப்ப யாருப்பா?"

"பேசாம சாப்பிடு" என்றார் துல்லியம். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நாலு புள்ளி சீரோன்னு இருந்துருக்கும்டி" என்றாள் மனைவி. "அந்த நாலை நான் பாக்காம விட்டுட்டேன் போல. கண்ணுதான் கெட்டுப்போச்சு. என்னங்க, நாளைக்கு என்னைக் கண்ணு டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

சொல்லிவிடலாம் என்று அவர் வாயெடுத்தார். சத்தியமாக எடுத்தார். மகள் எதிரில் வேண்டாம், அவள் தூங்கட்டும் என்று நினைத்தார். மகள் தூங்கினாள். மனைவி முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டாள். காலையில் சொல்லலாம் என்று போர்வையை இழுத்துக்கொண்டார். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்பார்களே, அப்படித்தான் ஆகிவிட்டது அந்த மனிதர் பிழைப்பு. இப்போது சொன்னால் கருவியைத் தப்பாக வைத்ததற்கு மட்டும் வெட்கமா? அதை யாருக்கும் தெரியாமல் மாற்றியதற்கும், சோதனையின்போது சும்மா நின்றதற்கும், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்ததற்கும் சேர்த்தல்லவா வெட்கம்!

கண்ணாடிக் கடையின் மாடியில் சோதனை அறை. சின்ன அறை, ஒரு உயரமான நாற்காலி, எதிர்ச்சுவரில் வெளிச்சம் போட்ட பலகை. சோதிக்கிற பெண் சுறுசுறுப்பானவள். "ஒரு கண்ணை மூடிக்கோங்கம்மா. வாசிங்க" என்றாள். மனைவி வாசித்தாள். பெரிய எண்களை வாசித்தாள், அதற்குக் கீழே உள்ளதை வாசித்தாள், எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த கடைசி வரியையும் வாசித்தாள். தவறாக வாசித்துவிட வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாளோ என்று துல்லியத்துக்குத் தோன்றியது. ஒவ்வொரு எண்ணையும் அவ்வளவு தயங்கிச் சொன்னாள். எல்லாமே சரியாக இருந்தன.

"உங்க வயசுல இப்படி ஒரு கண்ணு நான் பாத்ததில்லைம்மா. கண்ணாடியே வேணாம், போங்க" என்றாள் அந்தப் பெண்.

மனைவி இறங்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே?" என்றார் துல்லியம்.

"கண்ணு நல்லா இருக்குன்னா..." என்று அவள் மெல்ல ஆரம்பித்தாள். "அப்ப புத்திதாங்க. எங்கம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. அடுப்பை அணைச்சேன், என் கண்ணால பாத்தேன்னு சத்தியம் பண்ணுவாங்க. எரிஞ்சுகிட்டே இருக்கும். கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க." அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.  "நானும் அப்படி ஆயிடுவேனாங்க? புள்ளை இன்னும் படிச்சே முடிக்கலையே."

அதற்குமேல் தாங்காது, கல்லுக்கும் தாங்காது. சோதிக்கிற பெண் அடுத்த ஆளைக் கூப்பிட வெளியே போயிருந்தாள். துல்லியம் சொன்னார். முன்பின் இல்லாமல், குழறிக் குழறிச் சொன்னார்.

"உனக்கு ஒண்ணும் இல்லை. நீ பாத்தது சீரோதான். நான்தான் பாகு இருக்கும்போதே காலின்னு அதுக்குச் சொல்லிக்குடுத்தேன். நாலு மீட்டர்ல நின்னா அதுக்குத் தெரியாது."

"டெஸ்ட் வச்சப்ப காட்டுச்சே?"

"அதுக்கு முந்தின நாளே மாத்திட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார்.

"நெஜமா நான் பாத்தது சீரோவா?"

"சீரோதான்."

"எனக்குப் புத்தி ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலைம்மா."

பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது அவளுக்கு. அழுதுகொண்டே சிரித்தாள். அவர் கையைத் தூக்கித் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, "நல்லவேளை சொன்னீங்க. செத்துப் பொழைச்சேன்" என்றாள். நன்றி சொன்னாள்! அந்த மனிதருக்கு! கையை உருவிக்கொள்ளவும் முடியாமல், அங்கேயே வைத்திருக்கவும் முடியாமல் அவர் கூனிக் குறுகி நின்றார். வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக அவர் ஒருநாளும் உணர்ந்ததில்லை. "திங்கட்கிழமை நானே மேனேஜர்கிட்ட சொல்லிடறேன், எல்லார் எதிரிலயும் சொல்றேன்" என்றார். அவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். அவர் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். மாடிப்படியில் பாதி இறங்கியதும் அவள் நின்றாள்.  'முந்தின நாளே மாத்திட்டேன்' என்று அவர் சொன்னது அவளுக்குள் இப்போதுதான் வந்து சேர்ந்தது என்பது அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. அப்புறம் திரும்பி, அவரைத் தாண்டி, வலிக்கிற முழங்காலோடு ஒவ்வொரு படியாக மேலே ஏறினாள்.

"என்னம்மா, எதையாவது விட்டுட்டு வந்துட்டியா?"

அவள் சோதிக்கிற பெண்ணிடம் போய், "எனக்குக் கண்ணு நல்லா தெரியுதுன்னு ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுக்கறீங்களாம்மா? ஆபீஸ்ல காட்டணும்" என்றாள்.

"அதான் நானே சொல்றேன்னு சொன்னேனே" என்றார் துல்லியம், வாசலில் நின்றபடி.

"சொல்லுவீங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "இருந்தாலும் என் கையில ஒண்ணு இருக்கட்டும்."